விதை நெல் உலர்த்தும் யந்திரங்களுக்குக் குறைந்த செலவில் கணக்கு வைக்கும் முறை

குறுவை அறுவடையாகும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் காவிரிப் பாசனப் பகுதியில் வெயிலை நம்பி விதை நெல்லைக் காயவைப்பது எவ்வளவு கஷ்டமென்பதைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். களத்தில் பரப்பிய நெல்லை வாரிக் குவிப்பதற்குள் மழை வந்துவிடுகிறது. ஆகவே விதைப்பண்ணை வைத்திருப்போரிற் பலர், உமி அடுப்பிலிருந்து வரும் உஷ்ணக் காற்றை நெல்லினூடே செலுத்தி உலர்த்தும் யந்திரங்களை நாடுகின்றனர். இவ்யந்திரங்களால் விளையும் நன்மை மிகுதி. ஆனால் இரவில் அவை செய்த வேலைக்குக் கணக்கு இல்லாமற் போவதால் நேரும் நஷ்டமும் உண்டு. அந்நஷ்டத்தைச் சொற்பச் செலவில் தவிர்க்கும் வழியைக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

உஷ்ணத்தின் எல்லை

சோற்று நெல்லை உலர்த்துவதற்கும் விதை நெல்லை உலர்த்துவதற்கும் பெரிய வேற்றுமையுண்டு. விதை நெல்லினுள் இருக்கும் முளைக்கரு உயிருள்ளது. அதன்மேற் செலுத்தும் காற்றின் உஷ்ணம் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் நெல் பார்வைக்கு மணிமணியாகவே இருக்கும். ஆனால் முளை குன்றிவிடும். இந்தியாவில் சான்று பெறும் நெல் விதைக்கு முளைப்புத் திறன் நூற்றுக்கு 80-க்குக் குறையாமலும், சாதாரணப் பையில் அடைக்கும் விதையின் ஈரம் நூற்றுக்கு 13-க்கு மிகாமலும் இருக்கவேண்டுமென்பது விதி.

நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் ஈரம் போக நிற்கும் பொருள் 780 கிலோ. இதை 13 பங்கு ஈரத்திற்குக் கொண்டுவந்தால் மொத்த நிறை சுமார் 897 கிலோவாகும். அதாவது சுமார் 103 கிலோ நீர் வெளியேறவேண்டும். ஈரம் மணிக்கு ஒரு பங்கு வீதம் குறைந்தாலுங்கூட இவ்வேலைக்கு 9 மணி நேரம் பிடிக்கும். மாலையில் ஏற்றிய நெல் விடியற்காலத்தில்தான் இறங்கும். யந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் கண்ணயரும் நேரமும் அதுவே.

நான் கண்ட ஒரு நஷ்டம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு குறுவைப் பருவத்தில், நான்கு குடியானவர்களுடைய விதை நெல் ஒரே யந்திரத்தில் அடுத்தடுத்த இரவுகளில் உலர்த்தப்பட்டது. மூவருடைய விதை பரீட்சையில் தேறிற்று. ஒருவருடையது நூற்றுக்கு 61 மட்டுமே முளைத்தது. யந்திரத்துக்குடையவர், தாம் 42 டிகிரியில் வைத்து ஓட்டியதாகவும், கதிர் வயலிலேயே மழையில் நனைந்து கெட்டிருக்குமென்றும் சொன்னார். நெல்லுக்குடையவரோ, யந்திரத்தில்தான் வெந்துபோயிற்றென்றார். இருவரும் பொய் சொல்லும் வழக்கமுடையவரல்லர். யந்திரத்தின் முகப்பிலுள்ள திரையோ அந்தந்த நிமிஷத்து உஷ்ணத்தை மட்டுமே காட்டவல்லது. கழிந்துபோன ஓரிரவில், இரண்டு மணிக்கு உஷ்ணம் என்னவென்று கேட்டால் அதனிடம் பதிலில்லை. அழைத்து விசாரிக்கச் சொன்ன எனக்கும் ஒன்றும் சொல்ல இயலவில்லை. விதையாக விலைபோகவேண்டிய நெல் அரவைக்குப் போயிற்று. அவ்விரு குடும்பத்தாருக்கும் நெடுநாளாயிருந்த சிநேகமும் அத்தோடு முறிந்தது.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் இயல்பு

இவ்யந்திரங்களில் அடுப்பையும் காற்றூதும் விசிறியையும் நடத்துவது பி.எல்.சி. என்று மூன்றெழுத்தால் வழங்கும் ஒரு சிறு பெட்டி. 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், தங்கள் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கொண்டு அமைந்திருந்த பலகைகளுக்குப் பதிலாக, வேண்டியபோது கட்டளைகளை மாற்றி எழுதக்கூடிய சாதனமொன்றைக் கோரினர். டிக் மோர்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உண்டாக்கிய மோடிகன் 084 என்பது இவ்வகைச் சாதனங்களுள் முதன்மையானது. இன்று சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, குடிநீர்ப் பம்பு நிலையம், பால் குளிரூட்டும் நிலையம் ஆகிய பலவிடங்களிலும் இதன் வகைகளைக் காணலாம்.

பி.எல்.சி. செய்யும் வேலை மூன்று. உஷ்ணமானி முதலியவற்றைப் படித்தல், தனக்கு எழுதிவைத்த கட்டளைப்படி யோசித்தல், அடுப்பையும் விசிறியையும் அதற்கேற்பத் திருப்புதல். இம்மூன்றையும் அது ஒரு விநாடிக்குள் பன்முறை திரும்பத் திரும்பச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய அளவு வந்ததும் பழைய அளவு அழிந்துவிடும். சிலேட்டில் எழுதி, துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் எழுதும் பிள்ளையைப் போன்றது அது. வேலையில் கெட்டிக்காரன், ஆனால் நேற்று என்ன எழுதினாயென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழுதிவைக்கும் சாதனங்களையும் யந்திரக் கம்பெனியார் விற்பதுண்டு. அவை பெரிய ஆலைகளுக்கேற்ற விலையில் உள்ளவை. ஒரு பருவத்தில் சில வாரங்களே ஓடும் உலர்த்தும் யந்திரத்திற்கு அச்செலவு கட்டாது. ஆனபடியால், வேலைசெய்யும் பெட்டியின் பக்கத்தில், அதனிடம் கேட்டுக் கேட்டு எழுதும் சிறு கணக்குப்பிள்ளை ஒன்றை நாமே அமர்த்திக்கொள்ளலாம்.

வேண்டிய சாமான்கள்

1. இ.எஸ்.பி.-32 என்னும் சிறு கணிப்பலகை. உள்ளங்கையிலடங்கும் இதுவே கணக்கெழுதுவது.

2. ஆர்.எஸ்.-485 மாற்றுப் பலகை. இது பி.எல்.சி.யின் கம்பிவழிச் செய்தியைக் கணிப்பலகைக்கு விளங்கும்படி மாற்றித் தருவது. 3.3 வோல்ட்டில் வேலைசெய்வதாகவும், இரு பக்கத்து மின்சாரமும் ஒன்றோடொன்று தொடாதபடி பிரிக்கப்பட்டதாகவும் பார்த்து வாங்கவேண்டும். மோட்டார் ஓடுமிடத்தில் இப்பிரிவு இல்லாவிடில் கணிப்பலகை பழுதாக இடமுண்டு.

3. டி.எஸ்.3231 என்னும் கடிகாரச் சில்லு, பொத்தான் வடிவச் சிறு பாட்டரியுடன். மின்சாரம் நின்றாலும் இது நேரத்தை மறப்பதில்லை. வருஷத்திற்கு ஏறக்குறைய ஒரு நிமிஷத்திற்கு மேல் தவறுவதுமில்லை.

4. மெமரி கார்டும் அதைச் செருகும் கூடும்.

5. 5 வோல்ட் மின்சாரம் தரும் பெட்டி, சிறு பாட்டரியுடன். மின்சாரம் நின்ற வேளையிலும் கணக்கு நிற்கலாகாதென்பதற்காகவே பாட்டரி.

இவையாவும் 3,000 ரூபாய்க்குள் அடங்கும். கட்டளை எழுதிக் கொடுப்பவருடைய கூலி வேறு. பக்கத்து ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் பள்ளியில் படித்த இளைஞர் ஒருவர் இதை அமைத்துவிட முடியும். பெட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்துவதும், உத்தரவாத காலம் முடியாத யந்திரமாயின் விற்றவருடைய சம்மதம் பெறுவதும் அவசியம்.

இரண்டும் பேசிக்கொள்ளும் முறை

பெரும்பாலான பி.எல்.சி.க்கள் மோட்பஸ் என்னும் முறையில் பேசவல்லவை. இம்முறையை மோடிகன் கம்பெனியார் 1979-ல் வெளியிட்டனர். யாரும் கட்டணமின்றிக் கையாளலாமென்பதால் இது எங்கும் பரவிற்று. இம்முறையில் கேட்பவன் ஒருவன், பதில் சொல்பவர் பலர். ஒவ்வொரு பெட்டிக்கும் 1 முதல் 247 வரையில் ஓர் எண் உண்டு. "ஒன்றாம் எண்ணுடையவனே, உன் பத்தாவது அறையிலுள்ள அளவைச் சொல்" என்று கேட்டால், அப்பெட்டி அவ்வறையிலுள்ள எண்ணைச் சொல்லும்.

கம்பி இழுக்கும்போது கவனிக்கவேண்டியவை: ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைக் கம்பியையே உபயோகிக்கவேண்டும். மேலே உலோக உறையிருந்தால் நலம். அவ்வுறையை ஒரு முனையில் மட்டும் பூமியோடு சேர்க்கவேண்டும். நீண்ட கம்பியாயின் இரு கோடியிலும் 120 ஓம் தடை வைக்கவேண்டும். இவ்வாறு செய்தால் மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர் தூரம் வரையிற்கூடச் செய்தி செல்லும். கம்பிகளுக்கு ஏ, பி என்று பெயரிடுவதில் கம்பெனிக்குக் கம்பெனி வேற்றுமையிருப்பதால், பதில் வராவிடில் முதலில் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கவேண்டும்.

யந்திரத்தின் முகப்புத் திரை அதே கம்பியில் ஏற்கனவே பி.எல்.சி.யைக் கேட்டுக்கொண்டிருந்தால், நமது கணக்குப்பிள்ளையை அதிற் சேர்க்கலாகாது. கேட்பவர் இருவரானால் இருவர் பேச்சும் குழம்பும். பி.எல்.சி.யில் இரண்டாவது வாய் இருக்கிறதாவென்று பார்த்து அதில் இணைக்கவேண்டும்.

அறை எண்களின் பட்டியல்

எந்த அறையில் எந்த அளவு இருக்கிறதென்ற பட்டியல் இல்லாவிடில் மேற்சொன்னவை யாவும் வீண். இதை யந்திரம் விற்றவரே தரவேண்டும். வாங்கியபின் கேட்டால் கிடைப்பது கடினம். ஆகையால் புதிதாக யந்திரம் வாங்குவோரும், உழவர் குழுக்களின் பேரில் வாங்குவோரும், பட்டியல் தரவேண்டுமென்பதையும், மோட்பஸ் வாய் ஒன்று காலியாக விடவேண்டுமென்பதையும் விலைபேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

பட்டியலைப் படிப்பதில் மூன்று தவறுகள் அடிக்கடி நேருகின்றன. முதலாவது, காகிதத்தில் 40011 என்று போட்டிருக்கும் அறையைக் கம்பிவழியில் 10 என்றே கேட்கவேண்டும். ஒன்று குறைத்துக் கேட்கத் தவறினால் பக்கத்து அறையின் எண் வரும். இரண்டாவது, 425 என்று வந்தால் அது 42.5 டிகிரியைக் குறிக்கலாம். எத்தனையால் வகுக்கவேண்டுமென்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். மூன்றாவது, பெரிய எண்ணொன்று இரண்டு அறைகளில் பாதிபாதியாக இருக்கும். முன் பாதி எது, பின் பாதி எதுவென்பதை மாற்றிக்கொண்டால் நம்பத்தகாத எண் வரும். திரையில் தெரியும் அளவோடு நாம் எழுதியது ஒத்திருக்கிறதாவென்று முதல் நாள் முழுவதும் பார்த்துத் திருத்திக்கொள்ளுவதே சிறந்த வழி.

எவ்வளவுக்கொருமுறை எழுதுவது

பத்து விநாடிக்கொருமுறை கேட்டு, நிமிஷத்திற்கு ஒரு வரி எழுதுவது போதுமானது. நாளொன்றுக்கு 1,440 வரிகளாகும். வரிக்கு 60 எழுத்தென்று வைத்தாலும் இரண்டு மாதத்துக் கணக்கு 52 லட்சம் எழுத்துக்குச் சற்று குறைவு. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய மெமரி கார்டில் இது ஒரு மூலைக்குங் காணாது. ஆகவே இடத்தைச் சிக்கனம் செய்ய வேண்டியதில்லை.

ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், சராசரி உஷ்ணம், அந்நிமிஷத்தில் கண்ட அதிக உஷ்ணம், விசிறி ஓடிற்றா இல்லையா என்பவை இருக்கவேண்டும். மணிக்கொரு சராசரி போதாதாவென்று சிலர் கேட்பர். ஒரு மணியில் 55 நிமிஷம் 42 டிகிரியும், 5 நிமிஷம் 52 டிகிரியும் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். அம்மணியின் சராசரி 42.8 டிகிரி. எல்லைக்குள்ளேயே இருந்ததென்று ஏடு சொல்லும். விதையோ ஐந்து நிமிஷம் 52 டிகிரியில் இருந்திருக்கும். சராசரி மட்டும் எழுதிய கணக்கு குற்றத்தை மறைக்கும் கணக்கு.

வெறுமை வெறுமையாகவே இருக்கவேண்டும்

பி.எல்.சி. பதில் சொல்லாத வேளையில் கணக்குப்பிள்ளை என்ன எழுதவேண்டும்? பூஜ்யமென்று எழுதினால் அது பொய். முன் நிமிஷத்து அளவையே மறுபடியும் எழுதினால் அதைவிடப் பெரிய பொய். "பதில் இல்லை" என்றே எழுதவேண்டும். வயலைப் பாராமல் சென்ற வருஷத்து அடங்கலைப் பார்த்து எழுதினால் என்ன ஆகுமென்பதைக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எழுதாமல் விட்ட கட்டம் விசாரணைக்கு இடங்கொடுக்கும். ஊகித்து எழுதிய கட்டம் விசாரணையையே கெடுக்கும்.

ஏடு காட்டிய உண்மை

மேற்சொன்ன யந்திரத்துக்குடையவரின் சம்மதத்தின்பேரில், அடுத்த குறுவையில் இச்சாதனத்தை அதில் அமைத்தோம். பத்துப் பன்னிரண்டு ஈடுகள் வரையில் 43 டிகிரிக்கு மேல் ஒரு வரியுமில்லை. பின்னர் ஓரிரவு, 2 மணி 10 நிமிஷம் முதல் 2 மணி 34 நிமிஷம் வரையில் "பதில் இல்லை" என்று 25 வரிகள் காணப்பட்டன. அதையடுத்த ஐந்து வரிகளில் 52 டிகிரி. அதன்பின் 42.

காரணம் தெளிவாயிற்று. மின்சாரம் நின்றதும் விசிறி நின்றது. அடுப்பிலிருந்த உமித் தணல் நிற்கவில்லை. காற்றோட்டமின்றி அடுப்பின் குழாய்கள் காய்ந்திருந்தன. மின்சாரம் வந்து விசிறி சுழன்றவுடன், தேங்கியிருந்த அவ்வுஷ்ணம் முழுதும் நெல்லின்மேற் பாய்ந்தது. பி.எல்.சி. தன் வேலையைச் சரியாகச் செய்து ஐந்து நிமிஷத்தில் உஷ்ணத்தை அடக்கிவிட்டது. காலையில் திரையைப் பார்த்தவருக்கு 42 டிகிரியே தெரிந்தது.

அந்த ஈட்டு நெல்லைத் தனியே வைத்து, முளைப்புப் பரீட்சையில் தேறியபிறகே விதையென்று மூட்டை கட்டினோம். அதுமுதல் மின்சாரம் வந்ததும், உஷ்ணக் காற்றைப் பத்து நிமிஷம் புகைபோக்கி வழியே வெளியே விட்டு, அதன்பிறகே நெல்லின் பக்கத்துக் கதவைத் திறப்பதென்று வழக்கம் செய்துகொண்டனர். இதற்குச் செலவொன்றுமில்லை.

முந்திய வருஷத்து நஷ்டத்திற்கும் இதுவே காரணமென்று நான் சாதிக்கமாட்டேன். அவ்விரவுக்கு ஏடு இல்லை. ஏடு இல்லாத இரவைப்பற்றி எவரும் தீர்ப்புச் சொல்ல இயலாதென்பதே இவ்விஷயத்தில் நாம் கற்கவேண்டிய பாடம்.

சில எச்சரிக்கைகள்

கணக்குப்பிள்ளை கேட்கலாமேயன்றிக் கட்டளையிடலாகாது. மோட்பஸ் முறையில் 3, 4 என்ற எண்ணுள்ள வேண்டுகோள்கள் அறைகளிலுள்ள அளவைப் படிப்பதற்கு. 5, 6, 15, 16 என்பவை மாற்றி எழுதுவதற்கு. பின்சொன்ன நான்கும் கணிப்பலகையின் கட்டளையில் இடம்பெறவே கூடாது. தவறி ஓர் எண் மாறினாலும் அடுப்பு நம் பேச்சைக் கேட்டுவிடும்.

மோட்பஸ் முறையில் வருபவன் யாரென்று கேட்கும் கடவுச்சொல் கிடையாது. ஆகவே பி.எல்.சி.யை இண்டர்நெட்டோடு இணைக்கலாகாது. வாரத்திற்கொருமுறை கார்டிலுள்ளதைப் பிரதியெடுத்து வைத்தால் போதும்.

நாளுக்கொரு புதிய ஏடாக எழுதுவதும், ஒவ்வொரு வரிக்கும்பின் ஏட்டை மூடுவதும் நலம். திடீரென்று பாட்டரியும் தீர்ந்துபோனால் கடைசி வரி மட்டுமே போகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கணக்கு உஷ்ணமானியின் அளவுக்கே உண்மையுள்ளது. உஷ்ணமானி பொய் சொன்னால் ஏடும் பொய்யையே நேர்த்தியாக எழுதிவைக்கும். பருவத் தொடக்கத்தில் அதை உருகும் பனிக்கட்டி நீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதாவென்றும், வெந்நீரில் நம்பகமான வேறொரு உஷ்ணமானியோடு ஒத்திருக்கிறதாவென்றும் பார்க்கவேண்டும். நெல்லுக்குள் காற்று நுழையுமிடத்தில் அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஏட்டை ஆதாரமாக்கும் வழி

வெறும் எண்கள் ஆதாரமாகா. எந்த நெல்லுக்குரிய எண்களென்பது தெரியவேண்டும். ஒவ்வொரு ஈட்டிற்கும் ஒரு காகிதத்தில் விதைக் குவியலின் எண், ரகம், உடையவர் பெயர், ஏற்றிய நேரமும் ஈரமும், இறக்கிய நேரமும் ஈரமும் எழுதி, யந்திரக்காரரும் நெல்லுக்குடையவரும் கையொப்பமிடவேண்டும். மறுநாட் காலையில் அந்நேரத்து வரிகளை அச்சிட்டு அதனோடு சேர்த்து, பிரதியொன்றை நெல்லுக்குடையவரிடம் கொடுத்துவிடவேண்டும். இருவர் கையிலும் ஒரே ஏடு இருக்குமாயின் பின்னால் திருத்தினாரென்ற பேச்சுக்கு இடமிராது.

மழைமானியைத் தினமும் காலை 8 மணி 30 நிமிஷத்திற்குத் தவறாமல் பார்த்து எழுதுவதனாலன்றோ, அவ்வருஷம் மழை பெய்ததா பொய்த்ததா என்ற விவாதம் ஏட்டோடு முடிகிறது? கிராம உத்தியோகஸ்தர்களும் விதைப்பண்ணைக் குடியானவர்களும், தங்கள் பகுதியில் உள்ள உலர்த்தும் யந்திரங்களுக்கும் இத்தகைய ஏடொன்று ஏற்படும்படி முயலவேண்டும். அடுத்த குறுவைக்கு முன்பே யந்திரத்துக்குடையவரைக் கண்டு பேசி, அறை எண்களின் பட்டியலைக் கேட்டு வாங்குவது முதல் வேலை. அது கையில் வந்தபின் மற்றவை ஒரு வாரத்தில் முடியும்.